மழை முடியும் வாரம்

"சார், மழை எப்ப?"

கரிசல் காட்டில் வேலை பார்த்த காலம் முழுக்க என்னிடம் கேட்கப்பட்டது இந்த ஒரு கேள்விதான். கோவில்பட்டிச் சந்தை, எட்டயபுரம் டீக்கடை, விளாத்திகுளம் பஸ் என்று எங்கே ஆள் பிடித்தாலும் இதுதான். கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போட்ட பிறகும் கேட்டிருக்கிறார்கள். மழை எப்போது நிற்கும் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. மானாவாரிப் பயிருக்கு நாள் குறிக்கிற என் தொழிலோ பெரும்பாலும் அந்தக் கேட்கப்படாத கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது.

கோவில்பட்டி வட்டாரத்தில் வருடத்துக்கு 700 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே பெய்யும். அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றே மாதத்தில் இறங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20 என்று வானிலைத் துறை வைத்திருக்கிறது. ஆனால் ஒரு வருடம் புரட்டாசிக் கடைசியிலேயே பிடித்துக்கொள்ளும்; இன்னொரு வருடம் தீபாவளி போயும் வானம் வெளுத்தே கிடக்கும். தொடக்கம் இப்படி ஒரு மாதத்துக்கு மேல் முன்னும் பின்னும் ஆடும். முடிவு அவ்வளவு ஆடாது. டிசம்பர் பாதி தாண்டினால் பெரும்பாலான வருடங்களில் அவ்வளவுதான். அதற்குப் பிறகு பயிர் குடிப்பதெல்லாம் மண்ணுக்குள் இருக்கிற ஈரத்தைத்தான்.

இது எனக்கு வேலைக்குச் சேர்ந்த அன்றே தெரிந்துவிடவில்லை. 1980களின் தொடக்கத்தில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, தாலுகா அலுவலகங்களில் கிடக்கும் பழைய மழைப் பதிவேடுகளைப் பார்த்து நகலெடுத்து வருவது. அட்டை கழன்று, பூச்சி அரித்து, சில ஊர்களில் எண்கள் அங்குலத்திலும் சென்ட்டிலும் இருக்கும். அவற்றை மில்லிமீட்டருக்கு மாற்ற வேண்டும். மழைமானி என்பது பெரிய கருவி ஒன்றுமில்லை. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் நிற்கும் ஒரு புனல், அதற்குள் ஒரு கலம், அளக்க ஒரு கண்ணாடிக் குவளை. தினமும் காலை எட்டரை மணிக்கு ஆள் போய் அளந்து எழுத வேண்டும். எழுதும் ஆளைப் பொறுத்துத்தான் எல்லாம். ஒரு ஊர்ப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தால், வருடக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமை மழையே பெய்ததில்லை. திங்கட்கிழமைகளில் மட்டும் கொட்டித் தீர்த்திருக்கிறது! விடுமுறை நாளில் யாரும் மானியைத் திறக்கவில்லை. இரண்டு நாள் தண்ணீரையும் சேர்த்துத் திங்களன்று அளந்திருக்கிறார்கள். இன்னொரு ஊரில் மானிக்கு மேலேயே வேப்பமரம் வளர்ந்து குடை பிடித்திருந்தது. அந்த ஊர் மட்டும் பக்கத்து ஊர்களைவிட ஏன் வறண்டு கிடக்கிறது என்று அதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

ஞாயிறு திங்கள் குழப்பத்துக்கு ஒரு மருந்து உண்டு. நாளாகப் பார்க்காமல் வாரமாகப் பார்ப்பது. வானிலைக் கணக்கில் வருடத்துக்கு 52 வாரங்கள். ஜனவரி முதல் தேதி முதல் வாரம் தொடங்கும். 38ஆவது வாரம் செப்டம்பர் 17 முதல் 23 வரை, அதாவது புரட்டாசி பிறக்கிற வாரம். 42ஆவது வாரம் அக்டோபர் 15 முதல் 21 வரை, ஐப்பசி பிறப்பு. 50ஆவது வாரம் டிசம்பர் 10 முதல் 16 வரை. கார்த்திகை முடிகிற இடம். இந்த எண்களோடு பழகிப் பழகி, இன்றைக்கும் யாராவது "நவம்பர் பத்தாம் தேதி கல்யாணம்" என்று பத்திரிகை நீட்டினால் எனக்கு முதலில் 45ஆவது வாரம் என்றுதான் ஓடும்.

வாரக் கணக்கு எடுத்த பிறகு சராசரி போடுவதுதான் அன்றைய வழக்கம். சராசரி போலப் பொய் சொல்வது வேறில்லை. ஒரு வாரத்துக்கு முப்பது வருடக் கணக்கு இருக்கிறது என்று வையுங்கள். அதில் மூன்று வருடம் புயல் கரையேறி இருநூறு, முன்னூறு என்று பெய்திருக்கும். பத்து வருடம் சொட்டே இருக்காது. கூட்டி வகுத்தால் ஐம்பது மில்லிமீட்டர் என்று அழகாக ஒரு எண் வரும். அந்த ஐம்பது எந்த வருடத்திலும் பெய்ததே கிடையாது.

என் மூத்த அதிகாரி ஒருவர் வேறு வழி காட்டினார். ஒவ்வொரு வருட மழையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பெரியதிலிருந்து சிறியதுவரை மேசையில் வரிசையாக அடுக்கச் சொன்னார். முப்பது சீட்டு. மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்து 23ஆவது சீட்டை எடு என்றார். 23ஐ 31ஆல் வகுத்தால் ஏறக்குறைய முக்கால். அந்தச் சீட்டில் இருக்கிற எண்தான், நான்கு வருடத்தில் மூன்று வருடம் அந்த வாரத்தில் குறைந்தது கிடைக்கும் மழை. பதினைந்தாவது, பதினாறாவது சீட்டுக்கு வந்தால் பாதிக்குப் பாதி. ஐம்பது என்று சராசரி சொன்ன வாரத்தில் முக்கால் நம்பிக்கைக்குரிய மழை பூஜ்யம்தான். வேறு சில வாரங்களில் ஐந்தோ ஆறோ வரும். விதைக்கிறவனுக்கு வேண்டியது இந்த எண். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, காமா பரவல் வந்தது, மார்க்கோவ் சங்கிலி வந்தது. ஒரு வாரம் நனைந்தால் அடுத்த வாரமும் நனைய எவ்வளவு வாய்ப்பு என்றெல்லாம் கணக்குப் போட்டோம். ஆனால் ஒரு விவசாயிக்குப் புரியவைக்க இன்றுவரை அந்தச் சீட்டுக்கட்டைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த விஷயத்தில் எனக்குக் கண் திறந்தது ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டன்செருவில். அங்கே 1972இல் தொடங்கப்பட்ட இக்ரிசாட் என்கிற வறள்நிலப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். எஸ். எம். விர்மானி என்கிற வேளாண் வானிலையாளர் இந்தியாவின் வறட்சிப் பகுதி ஊர்களுக்கெல்லாம் வாரவாரியாக மழை வாய்ப்பைக் கணக்கிட்டு வெளியிட்டிருந்தார். அதில் ஹைதராபாத்தையும் சோலாப்பூரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். இரண்டிடத்திலும் கரிசல் மண் உண்டு. ஆண்டு மழையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஹைதராபாத்தில் ஜூன் பாதியிலிருந்து வாரா வாரம் மழையை ஓரளவு நம்பலாம். சோலாப்பூரில் அப்படி இல்லை. வருவதும் நிற்பதுமாக இழுத்தடித்து, செப்டம்பரில்தான் உறுதியாக விழும். அதனால்தான் சோலாப்பூர் விவசாயி மழைக்காலம் முழுக்க நிலத்தைச் சும்மா போட்டு வைத்து, ஈரம் சேர்த்து, மழை முடிகிற நேரத்தில் சோளம் விதைக்கிறான். வெளியிலிருந்து பார்த்தவர்கள் அதைச் சோம்பேறித்தனம் என்றார்கள். வாரக் கணக்கு அவன் செய்வது சரி என்றது. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்து, வருடத்துக்கு இரண்டு பயிர் எடுக்கும் இக்ரிசாட்டின் முறை ஹைதராபாத் பக்கம் எடுபட்டு, சோலாப்பூர் பக்கம் எடுபடாமல் போனதற்கும் இதுவே காரணம்.

ஊர் திரும்பியதும் நம் கரிசலின் புழுதி விதைப்பை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன்.

கரிசல் மண்ணின் குணம் தெரிந்தவர்களுக்குத்தான் புழுதி விதைப்பின் அருமை தெரியும். மழை பெய்துவிட்டால் காட்டுக்குள் கால் வைக்க முடியாது. செருப்பில் ஒரு படி மண் ஏறும்; மாடு முழங்கால்வரை இறங்கும். பதம் வருவதற்கு நான்கு நாள், ஐந்து நாள் ஆகும். அதற்குள் அடுத்த மழை வந்தால் மறுபடி காத்திருக்க வேண்டும். ஊரில் எல்லோருக்கும் ஒரே நாளில் பதம் வரும். ஏர் கிடைக்காது, ஆள் கிடைக்காது. இந்த இழுபறியில் இரண்டு வாரம் போய்விடும். முடிவு நகராத பருவத்தில் தொடக்கத்தில் போகிற ஒவ்வொரு வாரமும் கதிரில் விழுகிற அடி. அதனால் மழைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, மண் மாவாகக் கிடக்கும்போதே விதைத்துவிடுவது.

பொய் மழைதான் இதில் ஆபத்து. ஆவணி, புரட்டாசியில் சாயங்காலம் இடி இடித்து ஒரு பாட்டம் பெய்யும். ஊரே குளிரும். மறுநாளிலிருந்து மேல்காற்று வீசி மூன்று வாரம் ஒரு துளி இருக்காது. அந்த ஒரு பாட்டத்தை நம்பி முளைத்த விதை கருகிவிடும். ஆராய்ச்சிப் பண்ணையில் நாங்கள் கொடுத்த பரிந்துரை, விதையை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் போடச் சொன்னது. அந்த ஆழத்துக்கு ஈரம் இறங்க 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை வேண்டும். தூறலுக்கு விதை கண் திறக்காது. கூடவே விதையை உப்புக் கரைசலில் ஊறவைத்து, நிழலில் பழைய எடைக்கு உலர்த்திக் கடினப்படுத்துவது, எறும்பும் பூச்சியும் தூக்காமல் மருந்து கலப்பது.

எட்டயபுரம் பக்கத்தில் ஒரு சம்சாரி. என்னைவிட முப்பது வயது மூத்தவர். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். ஒரு புரட்டாசியில் முப்பது மில்லிமீட்டர் பெய்த மறுநாள் அவர் காட்டுக்குப் போனேன். என் கணக்குப்படி விதை முளைக்க வேண்டிய மழை. அவர் பிஞ்சையின் நடுவில் குத்தவைத்து ஒரு வெடிப்புக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். மேலே மண் நனைந்து கறுத்திருந்தது. வெடிப்பு மட்டும் வாயைத் திறந்தபடியே இருந்தது.

"என்ன அண்ணாச்சி, முளைச்சிருமா?"

"வெடிப்பு இன்னும் மூடல சார். தண்ணியெல்லாம் உள்ள போயிருச்சு. மேல இருக்கது நாலு வெயிலுக்குக் காணாது. இது மூடுற மழைதான் விதைக்குன்னு பெய்யிற மழை."

மழைமானி காட்டுகிற 30 மில்லிமீட்டரும் நிலத்துக்குள் விதை இருக்கிற இடத்தில் நின்ற ஈரமும் ஒன்றல்ல என்பதை ஒரு வெடிப்பை வைத்துச் சொல்லிவிட்டார். அதன் பிறகு விதைப்பு மழை என்று நான் எழுதிய அறிவுரைகளில் மில்லிமீட்டரோடு வெடிப்பையும் சேர்த்துக்கொண்டேன். அவருக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. காற்று. மேல்காற்று நின்று, இரண்டு மூன்று நாள் அசைவே இல்லாமல் புழுங்கி, பிறகு வடகிழக்கிலிருந்து வாடை எடுத்தால்தான் பருவமழை என்பார். வானிலைத் துறை தொடக்கத்தை அறிவிக்கப் பார்ப்பதும் ஏறக்குறைய அதைத்தான். தமிழகக் கரையோரம் கிழக்குக் காற்று நிலைத்து வீச வேண்டும், அது மேலே ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம்வரை இருக்க வேண்டும், மழை பரவலாகப் பெய்ய வேண்டும். அவரிடம் பலூன் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

இனி முடிவுக் கணக்கு. நல்ல ஆழமான கரிசல் மண், மீட்டர் ஆழத்துக்குப் பயிருக்கு உதவும் ஈரமாக 150 மில்லிமீட்டராவது பிடித்து வைக்கும். மார்கழி, தை வெயிலில் பயிர் நாளைக்கு நான்கு மில்லிமீட்டர் வாக்கில் குடிக்கும். 150ஐ நாலால் வகுத்தால் 37 நாள். மழை டிசம்பர் பாதியில் நிற்கிறதென்றால் ஜனவரி 20 வாக்கில் மண்ணில் குடிக்க ஒன்றும் இருக்காது. ஆகவே எந்தப் பயிரும் பொங்கல் கழிந்து ஒரு வாரத்துக்குள் கதிர் முற்றிவிட வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அக்டோபர் 20இல் முளைத்தால் கையில் 92 நாள். நூறு நாள் சோளத்துக்குப் போதும், கடைசிப் பத்து நாளில் அதற்குத் தண்ணீர் அதிகம் தேவையில்லை. நவம்பர் 15இல்தான் முளைக்கிறது என்றால் 66 நாள். உளுந்து, பாசிப்பயறு தவிர வேறு எதையும் நினைக்கக் கூடாது. பக்கத்திலேயே செவல் காடு இருக்கும். அது பாதி ஈரம்கூடப் பிடிக்காது; வருடக் கடைசியிலேயே கணக்கு முடிந்துவிடும். ஒரே ஊர், ஒரே மழை, ஒரே நாள் விதைப்பு. வரப்புக்கு இந்தப்பக்கம் ஒரு பருவம், அந்தப்பக்கம் வேறு பருவம்.

கர்ணனுக்கு மிஞ்சிய கொடையும் இல்லை, கார்த்திகைக்கு மிஞ்சிய மழையும் இல்லை என்று நம்மூரில் சொல்வார்கள். என் சீட்டுக்கட்டுகளை எல்லாம் அடுக்கி முடித்தபோது, 50ஆவது வாரத்துக்குப் பிறகு முக்கால் நம்பிக்கைக்குரிய மழை எல்லா ஊரிலும் பூஜ்யமாக இருந்தது. கார்த்திகைக் கடைசி! நானும் அரசாங்கச் சம்பளத்தில் வந்து சேர்ந்தது அந்த இடத்துக்குத்தான்.

பிந்திப் பெய்த வருடங்களில் இந்தப் பின்னோக்கிய கணக்கு ரொம்பவும் உதவியிருக்க வேண்டும். உதவியது குறைவு. காரணம் மழை இல்லை. ஐப்பசி கழிந்தும் மழை இறங்காவிட்டால் சோளத்தை விட்டு உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் போங்கள் என்று மாற்றுத் திட்டம் எழுதி வைத்திருப்போம். தாளில் அது குறையில்லாத திட்டம். நவம்பர் பாதியில் விவசாயி விதைக்குப் போய் நின்றால் கிட்டங்கியில் இருப்பது சோள விதை. உளுந்து விதைக்கு எழுதிப் போட்டிருக்கிறோம், அடுத்த வாரம் வரும் என்பார்கள். அடுத்த வாரம் வந்தால் பருவத்தில் ஐம்பத்தொன்பது நாள்தான் மிச்சம். மாற்றுப் பயிர்த் திட்டம் எழுதுகிறவர்கள் முதலில் விதைக் கிட்டங்கியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதை நான் கூட்டங்களில் சொன்னால் சிரிப்பார்கள். குறிப்பில் ஏற்ற மாட்டார்கள்.

பழைய சம்சாரிகள் அரசாங்க விதையை நம்பவில்லை. சோளத்தோடு தட்டாம்பயறு, பருத்தியோடு உளுந்து என்று ஒரே காட்டில் கலந்து போட்டார்கள். மழை சீக்கிரம் நின்றால் உளுந்து கை கொடுக்கும், நீண்டால் பருத்தி. சோளத்தில் மணி பிடிக்காமல் போனாலும் தட்டை மிஞ்சும், மாடு பிழைக்கும். கருங்கண்ணிப் பருத்தி ஆழமாக வேர் விட்டு, எல்லாப் பயிரும் காய்ந்த பிறகும் நின்று, மாசி பங்குனியில் ஒரு மழை விழுந்தால் மறுபடி பூத்தது. மழை முடியும் நாள் தெரியாதவன் எல்லா நாளுக்கும் ஒரு பயிர் வைத்திருந்தான். என் வேலைக்காலத்தில் கரிசலில் பார்த்த பெரிய மாற்றம், அந்தக் கலப்பு காணாமல் போனதுதான்.

அதன் இடத்தில் மக்காச்சோளம் வந்தது. நாமக்கல் கோழிப் பண்ணைத் தீவனத்துக்கு ஓயாத கிராக்கி. வியாபாரி காட்டுக்கே வந்து எடை போடுகிறான். குறை சொல்ல எனக்கு மனமில்லை. விலை கிடைக்கிற பயிரைத்தானே விதைப்பார்கள்? ஆனால் மழை இடைவெளியைத் தாங்குவதில் சோளமும் மக்காச்சோளமும் ஒன்றல்ல. சோளம் தண்ணீர் இல்லாவிட்டால் இலையைச் சுருட்டிக்கொண்டு சும்மா நிற்கும். மழை வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். மக்காச்சோளம் ஆண்பூ விட்டு, குழல் விடுகிற அந்த இரண்டு வாரத்தில் ஈரம் இல்லையென்றால் கதிரில் பல் பிடிக்காது. பிறகு எவ்வளவு பெய்தாலும் வீண். ஒரு பாட்டம் மழை பத்து நாள் தள்ளிப் போனதில் ஊர் முழுக்கத் தட்டை மட்டும் அறுத்த வருடங்கள் உண்டு. 2018இல் படைப்புழு வேறு வந்து சேர்ந்தது. பிந்தி விதைத்த காடுகளில் அது இன்னும் கடுமையாக விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

இடையில் சில வருடம் ராமநாதபுரத்தில் போட்டார்கள். திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பக்கம் நெல்லையே புழுதியில் விதைக்கிறார்கள். ஆவணி, புரட்டாசியில் விதைத்து, முதல் ஒரு மாதம் நெல் சோளம் போல மானாவாரியாக வளரும். கண்மாய் பெருகிய பிறகு தண்ணீரில் நிற்கும். அங்கே முடிவைத் தீர்மானிப்பது வானம் மட்டும் கிடையாது. மழை நின்ற பிறகு கண்மாயில் எத்தனை நாள் தண்ணீர் இருக்கும், மடை யார் பக்கம் திறக்கும் என்பதும் சேரும். ஒரே மழைக்குக் கண்மாயின் தலைமடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் பருவம் மூன்று வாரம் வித்தியாசப்படும். முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் போனால் முண்டு மிளகாய். அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக மழை வேண்டும். நாலு நாள் சேர்ந்தாற்போல் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். நெல்காரன் இன்னும் பெய்யட்டும் என்பான், மிளகாய்க்காரன் போதும் என்பான். இருவரும் ஒரே டீக்கடையில் என்னைத்தான் பார்ப்பார்கள்.

அதற்குள் முன்னறிவிப்புகள் வந்துவிட்டன. 1990களில் மூன்று நாளைக்கு முன்கூட்டிச் சொன்னார்கள். பிறகு ஐந்து நாள். செவ்வாயும் வெள்ளியும் வேளாண் வானிலை அறிவுரை மாவட்டவாரியாகப் போகும். மருந்தடிக்கவும் உரம் போடவும் அது நல்ல உதவி. பருவம் முழுவதற்குமான முன்னறிவிப்பு வேறு ரகம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையத்தில் ஆஸ்திரேலியாவின் ரெயின்மேன் என்கிற மென்பொருளை வைத்து, பசிபிக் கடலின் காற்றழுத்தக் குறியீட்டைப் பார்த்து, வரப்போகும் பருவத்தில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று சொல்வார்கள். ஒரு கூட்டத்தில் அதை விளக்கிக்கொண்டிருந்தேன். இந்த வருடம் வழக்கமான மழை பெய்ய நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்றேன். பின்வரிசையில் இருந்து ஒருவர் எழுந்தார்.

"சார், அறுபது எந்த ஊருக்கு, நாப்பது எந்த ஊருக்குன்னு மட்டும் சொல்லிட்டீகன்னா நல்லாருக்கும்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். கேள்வி நியாயமானது. நிகழ்தகவு நூறு பருவங்களுக்குப் பொருந்தும்; அவர் கையில் இருப்பது ஒரு பருவத்துக்கான விதையும் கடனும். அன்றிலிருந்து எண்ணைச் சொன்ன கையோடு, பொய்த்தால் எந்த வாரம் எதைச் செய்வது என்பதையும் சேர்த்தே சொல்லப் பழகினேன்.

எல் நினோ விஷயத்திலும் ஜாக்கிரதை வேண்டும். வடக்கே எல் நினோ என்றால் பயப்படுவார்கள். தென்மேற்குப் பருவமழை குறையும். நம் வடகிழக்குப் பருவத்துக்கு அது பெரும்பாலும் நல்லது. 1997, 2015, 2023 எல்லாம் அப்படித்தான். அதற்கு எதிரான லா நினா வந்தால் நமக்கு மழை குறையும் என்று பாடமாகவே சொல்லி வந்தோம். ஆனால் லா நினா இருந்த 2010இலும் 2021இலும் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட வெகுவாகக் கூடுதலாகப் பெய்தது. 2016இல் பாடம் பலித்தது, அதுவும் எப்படி! அக்டோபர் முதல் டிசம்பர்வரை மாநிலத்துக்குக் கிடைக்க வேண்டியதில் 62 சதவீதம் குறைந்தது. டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்தபோது கரிசலில் வெடிப்பு மூடாமலே கிடந்தது. புழுதியில் போட்ட விதையைத் தோண்டிப் பார்த்தோம், போட்டபடியே இருந்தது. ஐந்து சென்டிமீட்டர் ஆழம் விதையைக் காப்பாற்றியது என்று அறிக்கையில் எழுதலாம். எதற்காகக் காப்பாற்றியது?

அந்த ஆண்டு தொடங்கிய புதிய பயிர்க் காப்பீடு இன்னொரு பட்டத்தை உண்டாக்கிவிட்டது. விதைத்ததற்கு அடங்கல் வாங்கிக் கடைசித் தேதிக்குள் பிரிமியம் கட்ட வேண்டும். மழை வருகிறதோ இல்லையோ, அந்தத் தேதிக்கு முன் விதைத்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. ஆடிப்பட்டம், புரட்டாசிப்பட்டம் போல இப்போது இன்சூரன்ஸ் பட்டம் என்றே சில ஊரில் சொல்கிறார்கள்.

நான் நம்பியிருந்த முடிவு வாரத்துக்கு வருகிறேன். 2021 ஜனவரியில், பொங்கலை ஒட்டி, தென் மாவட்டங்களிலும் டெல்டாவிலும் நாள்கணக்கில் மழை பெய்தது. தாமிரபரணியில் வெள்ளம் போனது. அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து முளைத்தது. கரிசலில் உளுந்து செடியிலேயே, காய்க்குள்ளேயே முளைவிட்டது. கையில் ஒரு காயை உரித்துப் பார்த்தேன். ஆறு பருப்பில் நாலுக்கு வெள்ளை வால். மூன்று வருடம் கழித்து 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்ததை நாடே பார்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். டிசம்பர் 17 அந்த வருடம் மார்கழி முதல் தேதி. கார்த்திகை முடிந்த மறுநாள்! மக்காச்சோளமும் உளுந்தும் விளைந்து நின்ற காடுகளில் தண்ணீர் தேங்கி, வடிய இடமில்லாமல் நின்றது. பழமொழியும் என் சீட்டுக்கட்டும் சேர்ந்து நனைந்தன.

இரண்டு மூன்று வருடத்தை வைத்து மழையின் போக்கு மாறிவிட்டது என்று சொல்ல என் தொழில் விடாது. முப்பது வருடச் சீட்டில் இரண்டு சீட்டு மேலே ஏறினால் 23ஆவது சீட்டு நகராது. நம்பத்தக்க மழை மார்கழியில் இப்போதும் பூஜ்யம்தான். ஆனால் நான் இத்தனை காலம் அந்த 23ஆவது சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயிருக்குத் தண்ணீர் பற்றாது என்கிற பயத்துக்கு அது சரியான சீட்டு. விளைந்த கதிர் நனையும் என்கிற பயத்துக்கு மேலே இருக்கிற மூன்று சீட்டைப் பார்க்க வேண்டும். ஒரே கட்டில் இரண்டு கேள்விக்கு இரண்டு இடத்தில் விடை இருக்கிறது. இப்போது யாராவது இளைஞர்கள் வந்து கேட்டால் இரண்டு இடத்தையும் எடுத்துக் காட்டுகிறேன்.

போன புரட்டாசியில் விளாத்திகுளத்திலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். இன்ஜினியரிங் படித்துவிட்டு அப்பாவின் காட்டைப் பார்க்கிறவன். போனில் ஐந்து விதமான வானிலை ஆப் வைத்திருக்கிறான். அவன் மழை எப்போது என்று கேட்கவில்லை.

"சார், டிசம்பர் கடைசிக்குள்ள அறுத்து முடிக்கணும்னா எத்தனை நாள் உளுந்து போடலாம்?"

ஏன் டிசம்பர் கடைசி என்று கேட்டேன். அறுவடை இயந்திரம் வெளியூரிலிருந்து வருகிறதாம். பொங்கல் நெருங்கினால் அது டெல்டாவுக்குச் சம்பா அறுக்கப் போய்விடும், வாடகையும் ஏறிவிடும். அதோடு கரிசல் நனைந்துவிட்டால் இயந்திரம் காட்டுக்குள் இறங்காது, ஆள் விட்டு அறுக்க ஆள் இல்லை. மழை முடியும் வாரம், ஈரம் முடியும் வாரம் என்று நான் இரண்டு முடிவு வைத்திருந்தேன். அவனுக்கு மூன்றாவதாக இயந்திரம் கிளம்புகிற வாரமும் இருக்கிறது. அக்டோபர் 20இல் முளைத்தால் டிசம்பர் கடைசிக்கு 72 நாள், 65 நாள் ரகம் போடு, பாதிக் காட்டில் மட்டும் போடு, மீதிக்குச் சோளம் என்றேன். சோளத்துக்கு விலை இல்லையே என்றான். தட்டைக்கு இருக்கிறது, விசாரித்துப் பார் என்றேன்.